முல்லைத்தீவுக் கடலில் குளிக்கலாமா?

ஓகஸ்ட் விடுமுறை முடிந்ததும் ஆண்டுதோறும் எனக்கு இருவகைக் கடிதங்கள் வரும். வன்னிக்கு வந்து திரும்பிய புலம்பெயர் நண்பர்கள் அனுப்புபவை ஒருவகை: முல்லைத்தீவுக் கடற்கரையில் பள்ளித்தோழரின் தோளில் கைபோட்டு நிற்கும் படம், வாழையிலையில் நண்டுக்கறி, முறிகண்டியில் கச்சான் பொட்டலம், இப்படியொரு கோடையைக் கண்டதேயில்லை என்று ஒரு வரி. அந்தப் படங்களைக் கண்டு கொதித்தவர்கள் அனுப்புபவை மற்றவகை. முள்ளிவாய்க்காலுக்குப் பக்கத்தில் விருந்தா, சுடுகாட்டில் சுற்றுலாவா என்பது அவற்றின் சாரம். இம்முறை இரண்டாவது வகை மிகுந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மறுமொழி எழுத வயது இடம் தரவில்லை. ஆகவே பொதுவில் எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலில் குளித்ததும் நண்டு தின்றதும் தோழரோடு விடியவிடியக் கதைத்ததும் குற்றமல்ல. எவருடைய நிலத்தில் எழுந்த விடுதியில் படுத்தார்கள், எவருடைய கல்லாவில் காசைப் போட்டார்கள் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. கொதிப்பவர்களும் கேட்பதில்லை, குதூகலிப்பவர்களும் கேட்பதில்லை.

சுடுகாடு என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். முல்லைத்தீவு நகரிலிருந்து வட்டுவாகல் பாலத்தைத் தாண்டினால் முள்ளிவாய்க்கால். ஒருபுறம் கடல், மறுபுறம் நந்திக்கடல், நடுவே ஒடுங்கிய மணற்றிட்டு. 2009இன் முதல் மாதங்களில் அரசு பாதுகாப்பு வலயம் என அறிவித்து மக்களை ஒதுக்கிய இடமும், பின்னர் ஷெல் பொழிந்த இடமும் அதுவே. போரின் இறுதிக்கட்டத்தில் கொல்லப்பட்ட பொதுமக்கள் தொகை 40,000 வரை இருக்கக்கூடும் என ஐ.நா. பொதுச்செயலரின் நிபுணர் குழு 2011இல் எழுதியது. இவற்றையெல்லாம் மறந்துவிட்டுக் கடலாட வாருங்கள் என்று நான் எவரையும் அழைக்கவில்லை.

ஆனால் அந்த மணலில் இன்று மனிதர் வாழ்கிறார்கள். 2004 ஆழிப்பேரலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்து, 2009இல் எஞ்சியோரையும் பறிகொடுத்து, மெனிக் பாம் முள்வேலிக்குள் கிடந்து, தறப்பாள் கொட்டிலில் மீண்டும் அடுப்பு மூட்டிய மனிதர்கள். அவர்கள் மே 18 அன்று கஞ்சி காய்ச்சுகிறார்கள், அழுகிறார்கள். மறுவாரமோ அடுத்த மாதமோ வைகாசிப் பொங்கல் வந்துவிடுகிறது. சிலாவத்தை தீர்த்தக்கரையில் கடல்நீர் அள்ளி, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுசென்று, உப்புநீரில் விளக்கெரித்து, வற்றாப்பளை கண்ணகை அம்மனுக்குப் பொங்குகிறார்கள். நந்திக்கடலின் கரையில்தான் அந்தக் கோயிலும் இருக்கிறது. அழுத அதே சனம் அங்கே புதுச்சட்டை போட்டு, பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுத்து, பந்தலில் சோறுண்டு திரும்புகிறது. துக்கத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் நாள் குறிக்கும் உரிமை அவர்களுடையது. ரொறன்ரோவில் ஹீட்டர் போட்ட அறையிலிருந்துகொண்டு, வன்னி ஆண்டு முழுவதும் அழுதுகொண்டேயிருக்கவேண்டும் என்று எழுதுகிறவர் அந்த மக்களை அருங்காட்சியகப் பொருளாக்குகிறார். அவருக்கு நினைவுச்சின்னம் வேண்டும், மீனவர் வேண்டாம்.

மீனவருக்கோ வருகிறவர்கள் வேண்டும். இந்தக் கடலுக்கு ஒரு கணக்கு உண்டு. வாடைக்காற்றும் மாரிமழையும் பிடிக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் முல்லைத்தீவுக் கடல் எவரையும் அண்டவிடாது. சித்திரை முதல் புரட்டாசி வரை அடங்கிக் கிடக்கும். அப்போதுதான் கரைவலை இழுப்பு, இறால், கணவாய், பாரை. நந்திக்கடல் இறாலின் சுவையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும். பச்சைமிளகாயும் முருங்கையிலையும் போட்டு மண்சட்டியில் வைத்த கறியைக் குத்தரிசிச் சோற்றோடு உண்டவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. கோடை மாதங்களில் ஐந்து பேர் வந்து ஒரு வீட்டில் உண்டால், அந்த வீட்டுக்கு ஒரு மாதத்து அரிசி.

அதே கோடையில் வேறு விருந்தாளிகளும் வருகிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கக் கடல் கொந்தளிக்கும்போது அங்குள்ள மீனவர் கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து வாடியமைப்பது நெடுங்காலப் பழக்கம். ஏழை மீனவன் பருவத்தைத் தேடி வருவதில் எனக்கு வழக்கில்லை. வழக்கு வேறு. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழர் 1984 டிசம்பரில் விரட்டப்பட்டு, போர் முடிந்த பிறகே திரும்பினர். திரும்பி வந்தபோது அவர்களுடைய கரையில் பிறர் பாடு வைத்திருந்தனர். 2018 ஓகஸ்டில், நல்ல கோடையில், நாயாற்றில் தமிழ் மீனவரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் ஓரிரவில் எரிந்தன. அந்த மாதமும் விடுமுறைக்காரர் அந்தப் பாதையில் போய்வந்துதான் இருந்தார்கள். இனிய காற்று, அழகிய பாலம், கழிமுகத்தில் சூரியன் விழும் காட்சி என்று எனக்கும் படம் வந்தது. எரிந்த வாடியின் படம் ஒன்றுகூட வரவில்லை.

இனி விடுதிக் கதைக்கு வருவோம். போர் முடிந்த கையோடு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சுற்றுலா வந்தது. கிளிநொச்சியில் சரிந்து கிடந்த நீர்த்தாங்கி, கரைதட்டி நின்ற ஃபரா-3 கப்பல், 2013இல் தகர்க்கப்படும்வரை புதுக்குடியிருப்பில் பிரபாகரனின் நிலக்கீழ் வீடு, அப்பால் துப்பாக்கியை உயர்த்திய சிப்பாயின் வெற்றிச்சிலை. ஏ-9 வீதியோரம் தேநீர் விற்றது இராணுவம். நந்திக்கடலோரம் ‘லகூன்ஸ் எட்ஜ்’ என்ற பெயரில் விடுமுறை விடுதி நடத்தியதும் இராணுவம். ஏரியின் ஓரம் என்று பொருள். அந்த ஏரியின் ஓரத்தில் என்ன நடந்தது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயரே போதும்.

அதே ஏரியின் மற்றொரு பக்கத்தில் கேப்பாப்பிலவு. 2012 செப்டெம்பரில் மெனிக் பாமை மூடியபோது அந்த ஊர் மக்களை ஊருக்கு விடாமல் வேறு காணியில் இறக்கிவிட்டார்கள். ஊரில் படைத் தலைமையகம் இருந்தது. 2017 ஜனவரி முடிவில் பிலக்குடியிருப்புப் பெண்கள் விமானப்படை முகாமின் வாசலில் பாய்விரித்து உட்கார்ந்தார்கள். ஒரு மாதம் பனியிலும் வெயிலிலும் கிடந்து மார்ச் 1 அன்று தம் காணியை மீட்டார்கள். அதே நாளில் கேப்பாப்பிலவுப் பெண்கள் அடுத்த வாசலில் உட்கார்ந்தார்கள். ஆண்டு முடிவில் 133 ஏக்கர் கிடைத்தது. வட்டுவாகலில் ‘கோட்டாபய’ என்று பெயர் சூட்டிய கடற்படைத்தளம் 617 ஏக்கரை வளைத்திருந்தது. காணியை அளக்க வந்த நில அளவையாளரை ஊர்மக்கள் திருப்பியனுப்பிய செய்தியை எத்தனை முறை எழுதினேன் என்பது எனக்கே நினைவில்லை.

இவ்வளவும் தெரிந்த என் பழைய தோழர் ஒருவர், லண்டனில் ஊர்வலங்களில் கொடி பிடித்தவர், குடும்பத்தோடு வந்து படையினர் நடத்தும் விடுதியொன்றில் மூன்றிரவு தங்கினார். இடத்தின் பெயர் வேண்டாம். கேட்டேன்.

"மச்சான், அங்கை ஏசி இருக்கு, துப்புரவா இருக்கு, விலையும் குறைவு. எங்கட ஆக்களின்ர லொட்ஜில தண்ணி வருகுதில்லை" என்றார்.

நியாயமான பதில் போலத்தான் தோன்றும். அதைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். அங்கே நிலத்துக்கு விலை இல்லை. கட்டடத்துக்கு வங்கிக் கடன் இல்லை. பரிமாறும் சிப்பாயின் சம்பளம் வரிப்பணத்திலிருந்து வருகிறது, அந்த வரியில் முல்லைத்தீவு மீனவன் மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் கொடுத்த பங்கும் உண்டு. பக்கத்தில் நான்கு அறை கட்டி விடுதி நடத்தும் விதவை வங்கிக்கு வட்டி கட்டுகிறாள், மின்சாரக் கட்டணம் கட்டுகிறாள், கிணறு வற்றினால் பவுசரில் தண்ணீர் வாங்குகிறாள். இந்த இருவரையும் ஒரே சந்தையில் நிறுத்தி, மலிவாகக் கொடுப்பவரிடம் போனேன் என்று சொல்வது வியாபார நியாயம் ஆகாது. மலிவுக்கு யார் விலை கொடுத்தார் என்று தெரிந்தும் தெரியாததுபோல இருப்பது அது.

படையினரிடம் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளையும் சேர்த்து வைகிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம். சிவில் பாதுகாப்புத் திணைக்களப் பண்ணைகளில் முன்னாள் போராளிகளும் இளம் விதவைகளும் மாதச் சம்பளம் பெற்றார்கள். 2018இல் விசுவமடுவில் இடமாற்றம் பெற்ற கேணல் ஒருவரை மாலையிட்டுத் தோளில் சுமந்து கண்ணீரோடு வழியனுப்பினார்கள். நம்மவர் பலர் அந்தக் கண்ணீரைத் துரோகம் என்றார்கள், கொழும்புப் பத்திரிகைகள் நல்லிணக்கம் என்றன. பிள்ளைக்குப் பால்மா வாங்க வேறு முதலாளி இல்லாத ஊரில், இருந்த ஒரே முதலாளி போகும்போது அழுத கண்ணீர் அது. வேறு முதலாளி வரவேண்டுமானால் எவர் காசு போடவேண்டும்? ஊர்வலத்தில் கொடி பிடித்தவர்தான். அவரோ ஏசி அறையில் தூங்கினார்.

போர்க்களத்தில் சுற்றுலா என்பது உலகில் புதிதல்ல. 1944 ஜூன் 6 அன்று இரத்தத்தில் ஊறிய நோர்மண்டிக் கரையில் இன்று பிள்ளைகள் மணல்வீடு கட்டுகிறார்கள். மேட்டில் 9,000க்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களின் கல்லறைகள். சற்றுத் தொலைவில் லா காம்ப் என்ற ஊரில் 21,000க்கு மேற்பட்ட ஜேர்மானியரின் கல்லறைகள். தம் நாட்டை ஆக்கிரமித்தவனின் எலும்புக்கும் பிரெஞ்சுக்காரர் இடம் கொடுத்தார்கள். அவ்வூரில் சிப்பி விற்பவர் அவ்வூர்க்காரர். அதனால்தான் அங்கே குளிப்பது எவருக்கும் உறுத்தவில்லை. இங்கே துயிலும் இல்லங்களைப் புல்டோசரால் உழுதார்கள். அளம்பிலில் கல்லறைகள் இருந்த நிலத்தில் முகாம் எழுந்தது. அதே கரைப்பாதையில் இன்னும் தெற்கே, கொக்குத்தொடுவாயில், 2023 ஜூனில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய குழியில் மனித எலும்புகள் வந்தன. அகழ்வு முடிந்தபோது 52 பேருடைய எச்சங்கள். கடலுக்குப் போகும் பாதையில், கார்க்கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்கும் இடத்தில். உறுத்தவேண்டியது இது. நண்டுக்கறி அல்ல.

கடற்பயணம் என்றால் நான் அறிந்ததில் மிகச் சிறந்தது ஒன்று உண்டு. கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு மக்கள் 1992இல் இடம்பெயர்ந்தவர்கள். தீவில் கடற்படை குந்தியிருந்தது. இரணைமாதாநகரில் ஏறத்தாழ ஓராண்டு போராடிப் பார்த்தார்கள், அரசு அசையவில்லை. 2018 ஏப்ரல் 23 அன்று படகுகளில் ஏறி, வெள்ளைக்கொடி கட்டி, அனுமதி கேட்காமல் தம் தீவுக்குப் போய் இறங்கினார்கள். இடிந்த கோயிலில் கும்பிட்டு, உலை வைத்துச் சோறாக்கி, இரவு அங்கேயே படுத்தார்கள். 26 ஆண்டுகளுக்குப் பிறகு சொந்தக் கரையில் உண்ட அந்தச் சோற்றைவிடச் சுவையான கடலோர விருந்தை எந்த விடுதியும் எவருக்கும் பரிமாறியிருக்காது. அவர்களைப் பார்த்துச் சுடுகாட்டில் விருந்தா என்று கேட்க எவருக்காவது வாய் வருமா?

அடுத்த கோடையில் வருவதாகவும், வரலாமா கூடாதா என்று குழம்புவதாகவும் எழுதிய வாசகிக்கு: தாராளமாக வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். வைகாசியில் முடியுமானால் வற்றாப்பளைப் பொங்கலோடு பொருந்தும்படி வாருங்கள். முள்ளிவாய்க்காலில் சற்று நேரம் நில்லுங்கள், பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். காலையில் கரைவலை இழுக்கும் நேரத்தில் கரைக்குப் போனால், வலையிலிருந்தே மீன் வாங்கலாம், பேரம் பேசவேண்டாம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களில் உண்ணுங்கள். தங்குமிடத்தில் பெட்டியை இறக்குமுன் இந்தக் காணி எவருடையது என்று வாய்திறந்து கேளுங்கள், பதிலைப் பொறுத்து இறக்குங்கள். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரியில் பிள்ளைகளின் படத்தோடு உட்கார்ந்த தாய்மாரில் எவரையாவது கண்டால், படம் எடுக்குமுன் பக்கத்தில் அமர்ந்து பேசுங்கள். ஜூலையில் வந்தால் வீதியோரம் பாலைப்பழம் கிடைக்கும். உதடு ஒட்டும், பரவாயில்லை.