குடலுக்குள் ஒரு தொழிற்சாலை

சென்ற திங்கள் ராஸ்தா பேட்டையில் வாழும் சங்கத்துச் சகோதரி ஒருவர் நம்மிடம், “பையனுக்கு வயிற்றுப்போக்கு. முன்பு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரை நான்கு மீதம் இருக்கிறது. கொடுக்கலாமா, அண்ணா?” என்று கேட்டார். வேண்டாம் என்றோம். காரணத்தை விரித்துரைக்க அன்று அவகாசமில்லை, இங்கே உரைக்கிறோம்.

நம் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுள் ஒன்று ஈ. கோலை. 1885-ஆம் ஆண்டில் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் கண்டறிந்தது. நல்ல உணவு கிடைத்தால் இருபதே நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். இவ்வேகத்திற்கு மூலம் ரைபோசோம் என்னும் நுண்பொறி. நம் பெண்டிர் நாரில் பூத்தொடுப்பது போல அது அமினோ அமிலங்களைத் தொடுத்துப் புரதமாக்குகிறது. வினாடிக்கு ஏறத்தாழ 15 முதல் 20 வரை! மெதுவாக வளரும்போது ஓர் உயிரணுவில் இப்பொறிகள் சில ஆயிரமே. விரைந்து வளரும்போதோ ஏறக்குறைய 70,000.

எப்போதும் எழுபதாயிரம் வைத்துக்கொண்டால் என்ன? கட்டுப்படியாகாது. அப்பொறியைச் செய்யவே புரதம் செலவாகிறது. உணவு குறைந்த காலத்தில் பொறிகள் சும்மா கிடந்தால் நட்டந்தானே? ஆகவே வரவுக்கேற்பப் பொறிகளை ஏற்றி இறக்குகிறது அச்சிற்றுயிர். மாதச் சம்பளத்தில் புனேயில் குடித்தனம் நடத்தும் நமக்கு இது புதிதன்று! வளர்ச்சி வேகத்துக்கும் உயிரணுவின் உட்பொருளுக்கும் உள்ள இவ்வுறவை 1958-இல் கோபன்ஹேகன் அறிஞர்கள் அளந்து காட்டினர்.

ரைபோசோமின் உருவத்தை ஆராய்ந்ததற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் ஒருவர். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து அப்பொறியில் எங்கே போய் ஒட்டுகிறது என்பதை அவர் குழுவினர் 2000-இல் படம்பிடித்துக் காட்டினர். அண்டையிலுள்ள பிம்பிரியில் 1954-இல் அமைந்த இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலை செய்த மருந்துகளுள் ஸ்ட்ரெப்டோமைசினும் ஒன்று. அது ஒட்டிக்கொண்டால் பொறி பிழையாகத் தொடுக்கும், பாக்டீரியா மாளும்.

இவ்வகை மருந்துகள் பல. ஆனால் குடலில் நமக்கு உதவும் பாக்டீரியாக்களிடமும் அதே பொறிதான் உள்ளது. மருந்து நண்பன், பகைவன் பாராது. மேலும், குழந்தைகளின் வயிற்றுப்போக்கிற்குப் பெரும்பாலும் காரணம் வைரஸ். அதற்குச் சொந்தமாக ரைபோசோமே கிடையாது. நம் உயிரணுக்களின் பொறியையே இரவல் வாங்குகிறது. இல்லாத பொறியை எந்த மாத்திரை நிறுத்தும்?

உப்பு சர்க்கரைக் கரைசலை அடிக்கடி புகட்டி, மருத்துவரிடம் காட்டச் சொன்னோம். மூன்றாம் நாள் பையன் பள்ளிக்குப் புறப்பட்டுவிட்டானாம்.