பில் போட போன் நம்பர் எதற்கு?

மாலை ஏழு மணி. மாம்பலம் ரெயிலடியில் இறங்கிய ஒரு குமாஸ்தா, ஒரு சோப்பும் ஒரு பற்பசையும் வாங்கக் கடைக்குள் நுழைகிறார். கையில் சரியான சில்லறை வைத்திருக்கிறார். ஆனால் பில் போடும் இடத்தில் முதல் கேள்வி பணத்தைப் பற்றியது அல்ல.

"நம்பர் சொல்லுங்க சார்!"

"எந்த நம்பர்மா?"

"போன் நம்பர் சார். அதை அடிச்சாத்தான் பில்லு வரும்."

பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். அடுத்த ரெயிலுக்கு நேரமாகிறது. மனிதர் நம்பரைச் சொல்லிவிட்டு ஓடுகிறார். அன்றிரவு சோற்றில் கை வைக்கும்போதே செல்போன் அலறத் தொடங்குகிறது. தள்ளுபடி, சிறப்புச் சலுகை, இன்றே கடைசி!

சோப்புக்கு விலை உண்டு. அதைக் கொடுத்தாகிவிட்டது. அதற்கு மேல் நம்பரையும் கொடு என்பது எந்த ஊர் நியாயம்?

மேல்நாட்டுப் பெரிய கடைகள் இதற்கென்றே அட்டை வைத்திருக்கின்றன. பிரிட்டனில் டெஸ்கோ நிறுவனம் 1995-ல் 'கிளப்கார்டு' கொண்டுவந்தது. அட்டையை நீட்டினால் புள்ளி. புள்ளி சேர்ந்தால் சலுகை. பதிலுக்குக் கடைக்குக் கிடைப்பது, யார், என்றைக்கு, என்ன வாங்கினார் என்ற முழுக் கணக்கு. இங்கே அட்டை அச்சடிக்கும் செலவு கூடப் பல கடைகளுக்கு மிச்சம். பத்து இலக்க போன் நம்பரே அட்டை!

அட்டையையாவது வீட்டில் வைத்துவிட்டு வரலாம். நம்பரை வைத்துவிட்டு வர முடியுமா? வங்கியிலும் அதே நம்பர். ஆதாரிலும் அதே நம்பர். பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும் அதே நம்பர். துணிக்கடைப் பட்டியலையும் மருந்துக்கடைப் பட்டியலையும் ஒன்றாக ஒட்டவைக்க அந்த ஒரு நம்பர் போதும்.

"சோப்பு வாங்கினது தெரிஞ்சா என்ன குடியா முழுகிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பில் ஒன்றும் சொல்லாதுதான். ஓராண்டு பில்களை அடுக்கினால் அவை ஒரு வீட்டின் கதையையே சொல்லிவிடும். யாருக்குச் சர்க்கரை வியாதி, யார் தூக்கமாத்திரை சாப்பிடுகிறார், எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். அமெரிக்காவில் 'டார்கெட்' என்ற பெருங்கடை, பெண்கள் வாங்கும் சுமார் 25 பொருட்களைக் கணக்குப் போட்டு, அவர்களில் கர்ப்பிணி யார் என்று கணித்ததை 2012-ல் 'நியூயார்க் டைம்ஸ்' வெளிச்சம் போட்டுக் காட்டியது. குடும்பத்தாரிடம் கூடச் சொல்லாத சேதி கடைக்குத் தெரிந்துவிடுகிறது!

தெருமுனை அண்ணாச்சிக்கும் எல்லாம் தெரியும். யார் வீட்டில் விருந்து, யார் வீட்டில் காய்ச்சல் என்று மளிகைச் சீட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் அவருடைய கணக்கு நோட்டு கல்லாப்பெட்டியைத் தாண்டியதில்லை. அதோடு, வாடிக்கையாளரை அண்ணாச்சிக்குத் தெரிந்தது போல, அண்ணாச்சியையும் வாடிக்கையாளருக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் ஏறிய நம்பர் யார் கைக்குப் போகிறது, எத்தனை காலம் இருக்கும் என்பது நம்பர் கொடுத்தவருக்குத் தெரியாது.

தாய்க்குலத்தின் சங்கடம் இன்னும் பெரிது. கல்லூரி மாணவி ஒருத்தி, ஆண்கள் நிற்கும் வரிசையில் தன் நம்பரை உரக்கச் சொல்லவேண்டியிருக்கிறது. பின்னால் நிற்பவன் அதைக் குறித்துக்கொண்டால் யார் பொறுப்பு? கடை முதலாளியா பொறுப்பேற்பார்?

சட்டம் இல்லாமல் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளும் 2017 ஆகஸ்டு 24-ந் தேதி ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். போன் நம்பர் தராவிட்டால் பில் கிடையாது என்பது முறையற்ற வணிகம் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதம் வியாபாரிகளுக்கு அறிவுறுத்தியது. நம்பிக் கொடுத்த சொந்தத் தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாக மற்றவருக்குக் கொடுப்பதும் முறையற்ற வணிகமே என்கிறது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஜி.எஸ்.டி. பில்லுக்கும் வாங்குபவரின் போன் நம்பர் கட்டாயம் இல்லை.

2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டமே ஓர் உதாரணம் சொல்கிறது. மருந்துக்கடையில் பணம் கட்டிய ஒரு பெண், ரசீதைச் செல்போனுக்கு அனுப்பும்படி கேட்டுத் தானாக நம்பர் கொடுக்கிறாள். கடை அந்த நம்பரை ரசீது அனுப்பப் பயன்படுத்தலாம். அவள் கேட்டது அதுதான்; கடைக்கு உள்ள அனுமதியும் அதற்குத்தான்! ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் வேறு!

சலுகை தரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பத்து ரூபாய் மிச்சமாவது சம்பளக்காரருக்குப் பெரிய விஷயம். புள்ளி வேண்டும் என்பவர் விவரம் தெரிந்து, விரும்பி நம்பர் கொடுக்கட்டும். வேண்டாம் என்பவருக்கு முகம் சுளிக்காமல் பில் போடவேண்டும். அதுதான் மரியாதையான வியாபாரம்.

பில் போடும் பெண்ணிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவள் சொன்னதைச் செய்கிறவள். நம்பர் அடிக்காவிட்டால் பில் வராதபடி கம்ப்யூட்டரை அமைத்தவர்களே பதில் சொல்லவேண்டும். "நம்பர் தர விருப்பமில்லைம்மா, பில் போடுங்க" என்று அமைதியாகச் சொன்னால் போதும். அப்படியும் மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

ஆனால் ஒரு சோப்புக்காக எத்தனை பேர் ஆணையத்தின் படியேறுவார்கள்? எடைக்கல்லைச் சோதிக்க அதிகாரிகள் கடைக்கு வருகிறார்கள். பில் போடும் கம்ப்யூட்டரையும் அப்படியே சோதிக்கவேண்டும். "போன் நம்பர் கட்டாயமில்லை" என்று ஒவ்வொரு கடையிலும் பெரிய எழுத்தில் பலகை வைக்க உத்தரவிடவேண்டும். அறிவுரை சொல்லி ஆண்டுகள் ஓடிவிட்டன. இனி நடவடிக்கைதான் தேவை.

பணம் கொடுத்தால் பொருள். பொருள் கொடுத்தால் பில். இதற்கு நடுவில் போன் நம்பருக்கு என்ன வேலை?