பங்குச் சந்தை வகுப்பு: கட்டணம் கட்டுமுன் உரிமத்தைக் கேளுங்கள்

ஜொகூர் பாரு, மாசாய், ஸ்கூடாய், கூலாய் என எங்கிருந்தாலும், கைப்பேசியைத் திறந்தால் பங்குச் சந்தை வகுப்பு விளம்பரம் வந்து நிற்கிறது. முதல் வகுப்பு இலவசம், அடுத்ததற்குக் கட்டணம். கடைசியில் ஒரு புலனக் குழு. எந்தப் பங்கை எப்போது வாங்குவது என்று அங்கே தகவல் வரும். இவற்றில் நேர்மையானவையும் உண்டு. போலியை எப்படிப் பிரித்தறிவது என்பதே கேள்வி.

2024 மே 11 முதல் ஊழியர் சேமநிதி வாரியத்தில் மூன்றாவது கணக்கு நடப்பில் உள்ளது. 55 வயதுக்கு உட்பட்டோரின் மாதச் சந்தாவில் 10 விழுக்காடு அதில் சேர்கிறது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். மருந்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவ வேண்டிய அந்தப் பணம் தவறான கைக்குப் போனால், மீண்டும் சேர்க்கப் பல ஆண்டுகள் ஆகும்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2007ஆம் ஆண்டு மூலதனச் சந்தை, சேவைகள் சட்டத்தின் 58ஆவது பிரிவின்படி, உரிமம் இல்லாமல் முதலீட்டு ஆலோசனைத் தொழில் நடத்துவது குற்றம். 10 மில்லியன் ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பங்கு என்றால் என்ன, நிறுவனத்தின் கணக்கறிக்கையை எப்படிப் படிப்பது என்று பொதுவாகக் கற்பிப்பது வேறு. 'இந்தப் பங்கை இன்று வாங்கு, இந்த விலைக்கு விற்றுவிடு' என்று தொழிலாகச் சொல்வது வேறு. முன்னால் கல்விப் பலகையை மாட்டி, பின்னால் ஆலோசனை விற்பதில்தான் சிக்கல்.

இந்தியாவிலும் இதே கதைதான். கல்வி என்ற பெயரில் பதிவில்லாமல் ஆலோசனை வழங்கியதாக, 'பாப் ஆஃப் சார்ட்' நடத்தியவர்கள் மீது 2023 அக்டோபரில் செபி இடைக்காலத் தடை விதித்தது, 17.2 கோடி ரூபாயை ஒப்படைக்கவும் உத்தரவிட்டது. தமிழில் தேடும் நம்மவர்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் தமிழ்நாட்டு யூடியூப் பாடங்கள். அவை பேசுவது இந்தியச் சந்தையையும் இந்திய விதிகளையும். செபியின் பதிவு எண் மலேசியாவில் உரிமம் ஆகாது. அங்கேயே எஃப் அண்ட் ஓ வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் மூன்று நிதியாண்டுகளில் நட்டமடைந்ததாக, 2024 செப்டம்பரில் செபியின் ஆய்வே கூறியது.

நம் சமூகத்துக்கு இது புதுப் பாடமும் அல்ல. 1980களில் மைக்கா ஹோல்டிங்ஸில் 66,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் போட்டார்கள். தோட்டத் தொழிலாளர்கள் பலர் நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கினார்கள். 2010இல் அவர்களுக்கு வந்த விலை ஒரு பங்குக்கு 80 சென். மைக்கா சட்டப்படி பதிவான நிறுவனம்தான். இன்றைய மோசடிக் கும்பல்களோடு அதைச் சேர்க்க முடியாது. ஆனால் 'நம்ம ஆள்' என்ற நம்பிக்கை கணக்கைப் பார்ப்பதற்கு ஈடாகாது என்பதை அது காட்டியது.

எனவே, வகுப்பு நடத்துபவர் பங்குகளைப் பரிந்துரைத்தால், அவர் பெயரையும் நிறுவனத்தையும் பங்குப் பத்திர ஆணையத்தின் அகப்பக்கத்திலுள்ள உரிமதாரர் பதிவேட்டில் தேட வேண்டும். எஸ்எஸ்எம் சான்றிதழைக் காட்டினால் போதாது; அது நிறுவனப் பதிவு மட்டுமே. ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலையும் பார்க்கலாம். ஆனால் அதில் பெயர் இல்லை என்பதாலேயே ஒருவர் நம்பகமானவர் ஆகிவிட மாட்டார். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பெயரைத் திருடிக் குழு நடத்துவோரும் உண்டு. பதிவேட்டிலுள்ள எண்ணில் அழைத்து உறுதி செய்வது நல்லது. முதலீட்டுப் பணத்தைத் தனிநபர் வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வகுப்பு நடந்தால், அந்நாட்டு நாணய ஆணையத்தின் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

உரிமம் லாபத்துக்கு உத்தரவாதம் தராது. ஆனால் முறையிட ஒரு வாசலைத் தரும். 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவை தன் உறுப்பு நிறுவனங்கள் மீதான புகாரையே விசாரிக்கும். உரிமம் இல்லாதவரிடம் ஏமாந்தவருக்கு அந்த வாசலும் இல்லை. பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 997 எண்ணை அழைக்க வேண்டும்; காவல் நிலையத்திலும் புகார் செய்ய வேண்டும்.

ஆணையத்தின் இன்வெஸ்ட்ஸ்மார்ட், புர்சா மலேசியாவின் புர்சா அகாடமி இரண்டிலும் அடிப்படைப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஆங்கிலமும் மலாயும் சரளமாக வராத தோட்டத்துப் பெரியவருக்கு அவை எட்டாக்கனி. அந்த இடைவெளியில்தான் போலிகள் தமிழில் பேசி நுழைகிறார்கள். ஆலய மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் ஆணையமே தமிழில் விளக்கக் கூட்டம் நடத்த வேண்டும் என்று ஜொகூர் இந்திய அமைப்புகள் கேட்கலாம். கேட்க வேண்டிய நேரம் இதுதான்.