ஸ்க்ரப் டைபஸ் தடுப்பூசி: படப்பைக் கிளையின் நிலைப்பாடு

ஆட்சியரிடம் கொடுக்கவிருக்கும் மனுவிலிருந்து தடுப்பூசிக் கோரிக்கையை எடுத்துவிடலாமா என்று செயற்குழுவில் நடந்த விவாதம் உறுப்பினர்கள் அறிந்ததே. முதலில் மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கட்டும், ஊசியைப் பிறகு பார்ப்போம் என்ற தோழர்களின் பேச்சில் நியாயம் உண்டு. இருதரப்பையும் கேட்டபின், கோரிக்கை கொள்கையளவில் நீடிக்க வேண்டும் என்பது பெரும்பான்மை முடிவு.

2025 ஜனவரியில் பொது சுகாதாரத் துறை ஸ்க்ரப் டைபஸ் பற்றி எச்சரித்த மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் காலி மனைகளில் சீமைக்கருவேலமும் புதரும் வெட்டுகிறவர்கள் நம் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கண்ணுக்குத் தெரியாத உண்ணிப் புழு கடித்தால் வலிக்காது. பத்து நாள் கழித்துக் காய்ச்சல் அடிக்கும்போது, அரைஞாண் கயிற்றுக்கு அடியிலோ அக்குளிலோ பலருக்குச் சிகரெட் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். சட்டையைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். பல இடங்களில் யாரும் பார்ப்பதில்லை. டைபாய்டு என்று செஃப்ட்ரியாக்சோன் ஏற்றுகிறார்கள். அந்த மருந்து இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. டாக்ஸிசைக்ளின் கேட்கும், விலையும் குறைவு. ஆனால் ஒருநாள் கூலி போகுமே என்று ஒரு வாரம் பாராசிட்டமாலில் ஓட்டுகிறவருக்கு, மாத்திரை போய்ச் சேரும் நேரத்தில் நுரையீரலும் சிறுநீரகமும் பழுதாகியிருக்கலாம்.

ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது என்ற உறுதியும் கிடையாது. கார்ப், கிலியம், கட்டோ என்று கிருமியில் பல ரகம். ஒன்றுக்கு உண்டான எதிர்ப்பு இன்னொன்றிடம் சில மாதங்களே நிற்கும். தடுப்பூசி செய்வது கடினமாக இருப்பதும் இதனால்தான். இதை நாங்கள் மறைக்கவில்லை. பர்மா போர்முனைக்காக 1945இல் பிரிட்டிஷார் பருத்தி எலிகளின் நுரையீரலிலிருந்து தடுப்பூசி செய்தார்கள். களத்தில் அது பலிக்கவில்லை. 1948இல் இந்நோயைக் குணப்படுத்தும் குளோராம்பெனிகால் வந்தது. போரும் முடிந்திருந்தது. சிப்பாய் காட்டில் செத்துக்கொண்டிருந்தவரை அவசரமாக இருந்த ஆராய்ச்சி, புதர் வெட்டுகிறவர் சாகும்போது மட்டும் அவசரமில்லாமல் போனது ஏன்?

லாபமில்லாத ஊசியைத் தனியார் செய்யமாட்டார்கள். அரசுதான் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு இடமும் ஆளும் இருந்தன. 2008 ஜனவரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பிசிஜி ஆய்வகம் இரண்டின் உற்பத்தி உரிமத்தையும் நிறுத்தி வைத்தார்கள்; 2010இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அவற்றுக்குப் பதிலாக வந்ததுதான் நமக்குப் பக்கத்தில், செங்கல்பட்டு திருமணியில், 100 ஏக்கரில் மத்திய அரசு நிறுவனமான எச்.எல்.எல். பயோடெக்கின் தடுப்பூசி வளாகம். 2012இல் 594 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் ஆனது. கொரோனாவில் மக்கள் ஊசிக்கு வரிசையில் நின்ற 2021 மே மாதத்தில் அங்கே ஒரு டோஸ்கூட உற்பத்தியாகவில்லை. முதல்வர் மு.க.ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தார், மாநிலத்துக்குக் குத்தகைக்குத் தாருங்கள் என்று பிரதமருக்கு எழுதினார். வளாகம் மாநிலத்தின் கைக்கு வரவில்லை. இது அலட்சியம் என்று எழுதினால் கடுமையாக இருக்கும் என்று வரைவுக்குழுவில் சிலர் தயங்கினார்கள். எழுதுகிறோம்: இது அலட்சியம்.

இந்தக் கிருமியைக் கையாள உயர்பாதுகாப்பு ஆய்வகம் தேவை, செங்கல்பட்டில் அது உடனே ஆகாது என்ற ஆட்சேபத்தை ஏற்கிறோம். ஆராய்ச்சி வேலூர் சிஎம்சி போன்ற அனுபவமுள்ள இடங்களில் தொடங்கட்டும். உற்பத்தி பொதுத்துறையில் நடக்கட்டும்.

இப்பகுதியில் தடுப்பூசிச் சோதனை நடந்தால் தமிழோடு இந்தி, ஒடியா, வங்காளத்திலும் விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். சம்மதம் ஒழுங்காகப் பெறப்படவில்லை என்ற புகார் எழுந்து, கம்மத்தில் 2010இல் நிறுத்தப்பட்ட எச்பிவி தடுப்பூசி ஆய்வை மறக்கவில்லை. ஊசி வரும்வரை ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஐஜிஎம் எலைசா பரிசோதனைக்கு மாதிரி எடுக்கவும், புதர் வெட்டுகிறவர்களுக்கு பூட்ஸும் முழுக்கைச் சட்டையும் கொடுக்கவும், காய்ச்சல் நாட்களுக்குக் கூலி பிடிக்காமல் இருக்கவும் கோருகிறோம். இவற்றில் கருத்து வேறுபாடு இல்லை.

மனு கிளை அலுவலகத்தில் இருக்கிறது. மாறுபட்டு வாக்களித்த தோழர்களும் வந்து கையெழுத்திடும்படி கேட்டுக்கொள்கிறோம்.