கண்டலைப் புதைத்துவிட்டுக் கடலோடு என்ன பேச்சு?

மாலத்தீவு அரசில் சுற்றுச்சூழலுக்குப் பொறுப்பேற்றிருக்கும் மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

கடிதம் தமிழில் இருப்பதற்கு மன்னிக்கவும். ஆங்கிலத்தில் முறைப்படி எழுதி அனுப்பியவை எந்த மேசையில், எந்தக் கோப்புக்கு அடியில் கிடக்கின்றனவோ தெரியாது. இனி எங்கள் ஊர்க்காரர்களாவது படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். படித்துச் சொல்ல உங்களுக்கு ஆள் கிடைக்காமல் போகாது. உங்கள் பள்ளிக்கூடங்களில் கணக்கும் அறிவியலும் நடத்த எங்கள் பக்கத்திலிருந்து வந்துபோன வாத்தியார்கள் எத்தனையோ பேர். நானும் அவர்களில் ஒருவன். குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன். 2004 டிசம்பர் 26 காலையில் குளச்சலுக்குள் புகுந்த அதே கடல்தான் உங்கள் தீவுகளின் மேலும் ஏறிப் போனது. அதனால், வெளியூரானுக்கு இங்கே என்ன வேலை என்று மட்டும் கேட்க வேண்டாம்.

சட்டதிட்டங்களை உங்களுக்கு நான் சொல்லித்தரப் போவதில்லை. எழுதியவர்களே நீங்கள். ஒரே ஒரு ஊரைப் பற்றித்தான் பேச வந்தேன். அதற்கு முன் கொஞ்சம் பழங்கதை.

சுனாமியில் உங்கள் நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தும் காணாமலும் போனார்கள். எண்ணிக்கையில் எங்களைவிடக் குறைவு. ஆனால் நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் 62 சதவீதம் அளவுக்குச் சேதம் என்று கணக்கிட்டார்கள். பெரும்பாலான நிலம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர்கூட இல்லாத நாட்டில் ஓடி ஏற மேடு ஏது? மணலுக்கடியில் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருந்த நல்ல தண்ணீரும் கெட்டது; கிணற்றில் வாளி விட்டால் உப்பும் கழிவுமாக வந்தது. ரா பவளத்தீவுக் கூட்டத்தில் கந்தொல்ஹுதூ என்ற ஊரை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். கடல் ஓரம் வரை வீடு, வீட்டை ஒட்டி வீடு என்று நெருக்கியடித்துக் கிடந்த ஊர் அது. அந்த மக்களுக்கு வேறொரு தீவில், துவாஃபருவில், புது ஊர் எழுந்தது. விலுஃபுஷியில் வேறு வழி பிடித்தீர்கள். கடலடி மணலை அள்ளிக் கொட்டித் தீவையே ஏறக்குறைய நான்கு மடங்காகப் பெருக்கி, உயர்த்தி, ‘பாதுகாப்பான தீவு’ என்று பெயரும் வைத்தீர்கள். புருனி தீவில் தற்காலிகக் குடியிருப்பில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்த அந்தச் சனத்துக்கு வீடு கிடைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் குறை, அன்று பிடித்த பழக்கத்தின் மேல். கடல் வந்தால் மணலை அள்ளு, காயல் இருந்தால் தூர்த்துவிடு. மீட்புக்கு என்று வந்த மணல்வாரிக் கப்பலுக்கு அதன் பிறகு ஓய்வே இல்லை.

இப்போது குல்ஹுதுஃபுஷிக்கு வருகிறேன். வடக்கே, ஹா தாலு கூட்டத்தில் இருக்கும் பெரிய ஊர். அதன் வடபுறத்தில் உங்கள் நாட்டின் பெரிய கண்டல் காடுகளில் ஒன்று இருந்தது. ‘இருந்தது’ என்று எழுதும்போதே கை எரிகிறது. ஊர்ப் பெண்கள் தேங்காய்க் கதம்பையைச் சுமந்துவந்து அந்தச் சேற்றில் குழி தோண்டிப் புதைப்பார்கள். அவரவர் குழி அவரவருக்கு. தாயிடமிருந்து மகளுக்கு வருவது. வாரக்கணக்கில் ஊறி, மெத்தென்று ஆன மட்டையை எடுத்துக் கட்டையால் அடித்து, அலசி, காயவைத்து, தொடையில் வைத்துக் கயிறு திரிப்பார்கள். அந்த நாற்றம் எனக்குப் புதிதில்லை; எங்கள் ஊர்க் காயல் ஓரத்திலும் அதே நாற்றம்தான், அதே அடிதான். ஒரு பெண் கணவன் கையை எதிர்பார்க்காமல் பிள்ளைக்குப் பள்ளிச் செலவு செய்ய அந்தச் சேறு போதுமானதாக இருந்தது. பஞ்ச காலத்தில் கண்டல் காயைப் பலமுறை தண்ணீர் மாற்றி அவித்துத் தின்று பிழைத்த வடக்குத் தீவுகள் அவை. பெருமழை பெய்தால் ஊர்த் தண்ணீர் வடிந்து தங்கியதும் அந்தக் காட்டில்தான்.

2017இல் அதன் பெரும்பகுதியைத் தூர்த்தீர்கள். எதற்கு? விமான நிலையத்துக்கு. இருபது கிலோமீட்டர் தொலைவுக்குள் ஹனிமாதூவில் ஏற்கெனவே ஒரு விமான நிலையம் இருக்கிறது ஐயா! படகில் ஏறினால் மதியச் சோற்றுக்கு முன் போய்த் திரும்பிவிடலாம். அந்த ஹனிமாதூவையும் பிறகு எங்கள் நாட்டுக் கடனை வாங்கிப் பெரிதாக்கிக்கொண்டீர்கள். கொடுத்தவர்களிடமும் எனக்கு வழக்கு உண்டு. அதை வேறு கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன். விமான நிலையம் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் குல்ஹுதுஃபுஷியிலேயே இருந்தார்கள், மறுக்கவில்லை. அவசரத்துக்கு மாலே ஓட வேண்டிய எவருக்கும் அந்த ஆசை வரும். ஆனால் கதம்பைக் குழிக்காரிகளின் பேச்சுக்கு என்ன மதிப்பு இருந்தது? எதிர்ப்பு எழுந்தது, எச்சரிக்கைகள் வந்தன. சேற்றின் மேல் மணல் கொட்டிக்கொண்டே இருந்தது. 2019இல் விமானம் இறங்கியது. கைதட்டல், படம், பேட்டி.

மழை பெய்தால் இப்போது தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். 2023இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிய அறிக்கையில் அது இருக்கிறது. படித்திருப்பீர்கள். படித்தும் சும்மா இருந்திருப்பீர்கள்.

அப்போது நாற்காலியில் நானில்லை என்பீர்கள். நாற்காலி இருந்ததே. அதில் யார் வந்து உட்கார்ந்தாலும் கப்பல் மட்டும் மாறாமல் அள்ளிக்கொண்டே இருக்கிறது. அள்ளும் இடத்தில் எழும் சேறு போய்ப் படிவது பவளத்தின் மேல். 2016 வெப்பத்தில் வெளுத்துப்போய், மூச்சுவிட நேரமில்லாமல் கிடக்கிற பவளம். அலையின் முதல் அடியை வாங்குவது அதுதான் என்று உங்கள் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான். பிள்ளைகளுக்குப் புரிந்தது.

மிச்சமிருக்கும் கண்டலும் சும்மா இல்லை. நெய்குரெந்தூ தீவில் 2020இல் மரங்கள் நின்றபடியே காயத் தொடங்கின. கடல் ஏறும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் வேர் மூழ்கிச் செத்தன என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். கடல் கொல்வது ஒரு பக்கம் நடக்கட்டும். நீங்கள் ஏன் முந்திக்கொண்டீர்கள்?

2009இல் உங்கள் அமைச்சரவை கடலுக்கடியில் முகமூடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதை உலகமே பார்த்தது. நானும் வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டிப் பெருமைப்பட்டேன். மாநாட்டுக்கு மாநாடு ‘மூழ்குகிறோம்’ என்று குரல் கம்மப் பேசுகிறீர்கள். உங்கள் நாடு வெளிவிடும் புகை உலகக் கணக்கில் தூசு, அதனால் அந்தக் குரலுக்கு நியாயம் உண்டு. ஆனால் மேடையில் அழுது முடித்து ஊர் திரும்பியதும் அடுத்த காயல் எது என்று வரைபடத்தை விரிக்கிறீர்களே, அதற்கு என்ன பெயர்? குல்ஹுதுஃபுஷிக் கண்டலைப் புதைத்தது அமெரிக்காவா, சீனாவா?

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையிலும் கல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கொட்டிய ஊரில் கரை நின்றது. அடுத்த ஊரில் வீட்டு வாசல் வரை அரித்தது. இப்போது அந்த ஊரும் கல் கேட்கிறது. இந்த மருந்தைச் சாப்பிட்டுப் பார்த்தவன் என்ற உரிமையில்தான் கேட்கிறேன்.

என்ன வேண்டும் என்பீர்கள். தூர்த்த காட்டைத் திருப்பித் தர உங்களால் ஆகாது. குறைந்தபட்சம் மழைத்தண்ணீர் வெளியேற ஒழுங்கான வழியாவது செய்துகொடுங்கள். மிஞ்சிய துண்டு கண்டலுக்குக் கடல்நீர் வந்துபோகிறதா என்று ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். விமானம்தான் இருக்கிறதே, போவது சுலபம். அடுத்த தீவுக்குக் கப்பலை அனுப்பும் முன், அங்கே சேற்றில் கை வைத்துப் பிழைப்பவர்களை முதல் வரிசையில் உட்காரவைத்துக் கேளுங்கள்; அவர்கள் ‘வேண்டாம்’ என்றால் அதை வேண்டாம் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

இதுவும் முடியாதென்றால், ‘பாதுகாப்பான தீவு’ என்ற பெயரையாவது எடுத்துவிடுங்கள். குல்ஹுதுஃபுஷியில் ஒரு கிழவி கதம்பை மூட்டையோடு வந்து, இனி இதை எங்கே கொண்டு புதைப்பது என்று கேட்டால், ஓடுபாதையைக் காட்டும் தைரியம் உங்களில் யாருக்கு இருக்கிறது என்று எழுதித் தெரிவிக்கவும். எந்த மொழியில் எழுதினாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய ஒரு வாத்தியார்,
குமரி மாவட்டம்