காருக்கு ஃபைபர் பாகம்: கலக்கும் வரிசை முக்கியம்!

காருக்கு நீங்களே ஃபைபர் பாகம் செய்ய ஆசையா? எடுத்தவுடன் பம்பரில் கை வைக்காதீர்கள். ஸ்பீக்கர் மூடி போன்ற சிறிய பொருளில் பழகுங்கள்.

பாலியஸ்டர் ரெசின், கண்ணாடி இழை மேட், கோபால்ட், ஹார்டனர் ஆகிய நான்கும் தேவை. இதில் கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது. தீப்பிடிக்கும்; வெடிக்கவும் செய்யலாம். முதலில் ரெசினில் கோபால்ட்டை விட்டு நன்றாகக் கலக்குங்கள். பிறகுதான் ஹார்டனர். கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினும் உண்டு, லேபிளைப் படித்துவிடுங்கள்.

100 கிராம் ரெசினுக்குப் பொதுவாக 1 முதல் 2 கிராம் ஹார்டனர் போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாக ஊற்றினால், அதிகம் சூடேறி விரிசல் விழும். மோல்டில் மெழுகு தடவி, ரெசின் பூசி, மேட்டை விரியுங்கள். மேலே மீண்டும் ரெசின் விட்டு, காற்றுக் குமிழ் நிற்காதபடி பிரஷ்ஷால் தட்டித் தட்டிப் பதியுங்கள்.

ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே 15 நிமிடங்களாவது தண்ணீரில் கழுவி, மருத்துவரிடம் செல்லுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, ரசாயன ஆவியைத் தடுக்கும் மாஸ்க் மூன்றும் கட்டாயம். காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் எட்டாத தூரத்தில் வேலை நடக்கட்டும்!