கேஸ் ‘தீர்ந்து’ போகுமா?

போன ஆண்டு எங்கள் வீட்டுக் குளிர்சாதனத்தில் குளிர்ச்சியே வரவில்லை. பழுதுபார்க்க வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “கேஸ் தீர்ந்துபோச்சு டீச்சர்” என்றார். நிரப்பினார்; 150 வெள்ளி கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து அதே பழுது, அதே பதில், அதே 150 வெள்ளி. அவர் போன பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. வகுப்பில் பருப்பொருளின் நிலைமாற்றத்தை நடத்தும் நான், “தீர்ந்த கேஸ் எங்கே போனது?” என்று கேட்கவில்லையே!

மாணவர்களே, கார் பெட்ரோலை எரிப்பதுபோல் குளிர்சாதனம் கேஸை எரிப்பதில்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. அறைக்குள் உள்ள சுருள்குழாயில் அது திரவ நிலையிலிருந்து ஆவியாகும்போது, அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வெளியே உள்ள கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்துகிறது. ஆவி மீண்டும் திரவமாகும்போது வெப்பத்தை வெளியே விடுகிறது. இந்தச் சுற்றில் கேஸ் செலவாவதில்லை. சரியான அளவில் நிரப்பிய கேஸ் பிறகு குறைந்தால் காரணம் ஒன்றுதான்: எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம்.

குளிர்ச்சி குறைந்தாலே கேஸ் குறைந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. வடிகட்டியில் தூசு அடைத்தால் அறைக்காற்று சுருள்குழாய்க்குப் போதுமான அளவு போகாது. அப்போது குழாயின் வெப்பநிலை 0 பாகைக்குக் கீழே இறங்கி, காற்றிலுள்ள நீராவி அதன்மேல் பனிக்கட்டியாகப் படியும். கேஸ் குறைந்தாலும் பனி படியும். அதனால் முதலில் மின்சாரத்தை அடைத்துவிட்டு வடிகட்டியைக் கழுவிப் பாருங்கள். சுவரில் சொட்டும் தண்ணீரும் கேஸ் அல்ல. தே ஓ ஐஸ் கிளாஸின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் காற்றிலிருந்து வந்த நீர் அது. பெரும்பாலும் வடிகால் குழாயில் அழுக்கு அடைத்திருக்கும்.

இது பணத்தோடு முடியும் விஷயமும் அல்ல. புதிய குளிர்சாதனங்களில் உள்ள ஆர்-32, 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 675 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. பழைய ஆர்-22 ஏறத்தாழ 1,800 மடங்கு. ஓசோன் படலத்தையும் அரிக்கும். அதனால்தான் 1987-இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் நாடுகள் அதைக் கைவிட்டு வருகின்றன. அறையைக் குளிரவைக்க வாங்கிய கேஸ் கசிந்து பூமியைச் சூடாக்குகிறது.

பழுதுபார்ப்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கசிவைத் தேட நேரமாகும். நாமோ சீக்கிரமாகவும் மலிவாகவும் வேலை முடிய வேண்டும் என்கிறோம். ஆகவே இது நம் தவறும்தான்.

மூன்றாம் முறை நான் கேட்டேன்: “எங்கே கசிகிறது?” வந்தவர் குழாய் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினார். ஓர் இணைப்பில் குமிழி கிளம்பியது. அதைச் சரிசெய்த பிறகே கேஸ் நிரப்பினார்.

நிலைமாற்றம் தேர்வுக்காக மட்டும் படிக்கும் பாடமல்ல. அடுத்த முறை உங்கள் வீட்டில் “கேஸ் தீர்ந்துபோச்சு” என்று யாராவது சொன்னால், அப்பா பணத்தை எடுப்பதற்குள் அந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள்.